முப்பத்தொரு ஆலோசனைகள்

புதுக் கட்டடத்தின் வடிவமைப்பு ஆய்வுக் கூட்டம் நான்கு மணிக்கு என்று அறிவிப்பில் அச்சிட்டிருந்தார்கள். நாலேகால் ஆகியும் மேடையில் நாற்காலிகள்தாம் உட்கார்ந்திருந்தன. முன்வரிசையில், மடியில் ஒரு தாளை விரித்து, அதை ஏழாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள் பிழை திருத்துபவள். பொதுமக்களில் ஒருவருக்கு மூன்று நிமிடம் பேச இடமுண்டு என்று கேள்விப்பட்டு, வீட்டுக் கடிகாரத்தின் எதிரில் நின்று வாய்விட்டுப் படித்துப் பார்த்து, இரண்டு நிமிடம் ஐம்பது விநாடியில் முடியும்படி அளந்து வைத்திருந்த உரை அது. "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்று தொடங்கி, "பொறுமையுடன் செவிமடுத்தமைக்கு நன்றி" என்று முடிந்தது. இடையில் ஓரிடத்திலும் யார் மனமும் நோகாதபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடப்புத்தகங்கள் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக அவளுக்கு வேலை. விட்டுப்போன கொம்பையும் இடம் மாறிய புள்ளியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடிப்பாள். அதனால் குடியிருப்பில் யாருக்கு என்ன மனு எழுத வேண்டியிருந்தாலும் தரைத்தளத்தில் இடப்பக்கத்து முதல் கதவைத்தான் தட்டுவார்கள். வந்தவர்கள் காரசாரமாகக் கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் அதைப் பதமாக ஆற்றி, வாய் சுடாத சூட்டில் எழுதிக் கொடுப்பாள்.

அந்தப் பழைய நாலு மாடிக் குடியிருப்பை இடித்துவிட்டு அதே மனையில் இரண்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுப்பப் போகிறார்கள் என்பதுதான் விஷயம். தெருவைப் பார்த்த முன்கோபுரம் விற்பனைக்கு. அதன் முதுகுக்குப் பின்னால் வெயில் படாத இடத்தில் எழும் பன்னிரண்டு மாடிப் பின்கோபுரம், இப்போது குடியிருப்பவர்களுக்கு. அந்தப் பின்கோபுரத்திலும் தரைத்தளம் முழுவதும் முன்கோபுரத்துக்காரர்களின் கார்கள் நிற்கும். அவள் குடும்பத்துக்கு ஒதுக்கியிருந்தது பதினோராவது மாடி.

அவளுடன் இருந்த அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். போகும்போது சக்கர நாற்காலியில் போய்விடுவாள். திரும்பும்போது இரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கியிருக்கும். தலையைத் தூக்கினால் கண் இருட்டிக்கொண்டு வந்து மயங்கிவிடுவாள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடிதான் வீட்டுக்குள் வர வேண்டும். தரைத்தளம் என்பதால் இதுவரை வாசற்படி ஒன்றுதான் தடையாக இருந்தது.

பிழை திருத்துபவளின் கணவர் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டுநர். குடியிருப்பில் அவருக்குச் சைரன் என்று பெயர். வண்டியை முன்னிட்டு மட்டுமல்ல, குரலை முன்னிட்டும். புதுக் கட்டடத்தின் வரைபடத்தை வாசலில் ஒட்டியபோது மற்றவர்கள் எல்லாம் வண்ணத்தையும் பூச்செடிகளையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் விரல் நேராகப் பின்கோபுரத்து லிஃப்டின்மேல் போய் நின்றது. அகலம் நூறு சென்டிமீட்டர். நீளம் நூற்று இருபத்தைந்து. அவர் தினமும் தூக்கி இறக்கும் ஸ்ட்ரெச்சரின் நீளம் நூற்றுத் தொண்ணூற்றைந்து.

"இது லிஃப்டா? அலமாரி," என்றார். "உங்க அக்காவை இதுல ஏத்தணும்னா வேட்டி மாதிரி மடிச்சுத்தான் ஏத்தணும்."

முன்கோபுரத்துக்கு லிஃப்ட் மூன்று. அவற்றில் ஒன்று ஒரு கட்டிலே படுத்தபடி போகும் அளவு. விசாரித்ததில், சோபாக்களை ஏற்றுவதற்காக என்று தெரியவந்தது.

அதன்பின் ஒரு வாரம் அவள் வீட்டுக் கதவு மூடவே இல்லை. முப்பத்தொரு கடிதங்கள் எழுதினாள். மூன்றாம் மாடித் தையற்காரர், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே, எங்களை என்ன துணி மூட்டை என்று நினைத்தீர்களா என்று எழுதச் சொன்னார். அவள், குடியிருப்போரின் வசதியையும் சற்றே கருத்தில் கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம் என்று எழுதினாள். அவர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"நான் சட்டை தைக்கச் சொன்னேன். நீங்க கைக்குட்டை தைச்சுக் குடுத்திருக்கீங்க," என்றார்.

"கோபமா எழுதினா தூக்கிப் போட்டுடுவாங்க அண்ணா. மரியாதையா கேட்டா உட்கார்ந்து பேசுவாங்க."

கடிதம் எழுதக் கொடுத்திருந்த கருத்துப் படிவத்தின் அடியில் மூன்று கட்டங்கள் இருந்தன: ஆதரவு, ஆலோசனை, ஆட்சேபம். ஒன்றில் குறியிட வேண்டும். தையற்காரரின் பேனா மூன்றாவது கட்டத்துக்குப் போனபோது அவள்தான் கையை மறித்தாள். ஆட்சேபம் என்று போட்டால் சண்டைக்கு நிற்பது போல் இருக்கும், ஆலோசனை என்று போடுங்கள் என்றாள். அவர் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். படித்தவள் சொல்கிறாள் என்று ஒருவரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

அக்காவின் கடிதம் கடைசியாக எழுதியது. டயாலிசிஸ் முடிந்து வந்த நாள் அது. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "என்னை ஏத்தறதுக்கு வழி இல்லைன்னா, இறக்கறது ஒரே ஒரு தடவைதான்னு எழுது." அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் அப்படியே எழுதக் கை வரவில்லை. நோயுற்றோரை ஏற்றி இறக்கும் ஏற்பாடு குறித்தும் பரிசீலித்தால் நன்றியுடையவளாவேன் என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள். அக்கா படித்துப் பார்க்கும் நிலையில் இல்லை.

நாலு இருபத்தைந்துக்கு ஆய்வுக் குழுத் தலைவர் வந்தார். கூடவே செயலரும், வரைபடச் சுருளுடன் கட்டடக் கலைஞரும். தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டு, செயலரைப் படிக்கச் சொன்னார் தலைவர்.

"வந்த கருத்துகள் நாற்பது," என்று செயலர் படித்தார். "ஆதரவு ஒன்பது. ஆலோசனை முப்பத்தொன்று. ஆட்சேபம் இல்லை."

ஆட்சேபம் ஏதும் இல்லாத காரணத்தால் விவாதத்துக்கு அவசியமில்லை என்று தலைவர் அறிவித்தார். ஆலோசனைகள் யாவும் குறித்துக்கொள்ளப்பட்டன என்றார். குறித்துக்கொண்டபின் என்ன செய்வார்கள் என்று பின்வரிசையில் யாரோ கேட்டதற்கு, கோப்பில் வைப்போம் என்று பதில் வந்தது. பிறகு கட்டடக் கலைஞர் எழுந்தார். எத்தனையோ ஊர்க் கூட்டங்களில் வசவு வாங்கியிருப்பதாகவும், இத்தனை பண்பான குடியிருப்பாளர்களை இங்கேதான் கண்டதாகவும் சொன்னார். சான்றுக்கு ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார்.

"'சற்றே சிரமம் ஏற்படக்கூடுமோ எனத் தயக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க பாருங்க."

அவள் எழுதிய வாக்கியம். ஒற்றுப்பிழை இல்லாத, ஒரு சொல் மிகாத வாக்கியம். அது அந்த வாயிலிருந்து வரக் கேட்டபோது, தான் பெற்ற பிள்ளையை எதிரி மடியில் வைத்துக் கொஞ்சுவதைப் பார்ப்பது போல் இருந்தது அவளுக்கு. பின்னால் உட்கார்ந்திருந்த தையற்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று இருந்தது.

அவள் எழுந்தாள். மன்னிக்க வேண்டும், மூன்று நிமிடம் பேச வேண்டும் என்றாள்.

"பேசறதுக்கு உரிமை ஆட்சேபிச்சவங்களுக்கு மட்டும்தாம்மா. நீங்க ஆட்சேபிக்கலையே," என்றார் தலைவர், மிகுந்த கனிவுடன்.

"இப்ப ஆட்சேபிக்கிறேன் சார்."

"அதுக்குக் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை. ஆனா உங்க கடிதம் பிரமாதம். எங்க ஆபீஸ்ல இப்படி எழுத ஒரு ஆள் இல்லை."

மேடையில் ஒரு சிரிப்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய் வந்தது. அவள் கையிலிருந்த தாள் நனைந்து கசங்கியது. கோபம் முதலில் அவள்மேலேயே ஏறியது. முப்பத்தொரு பேருடைய கோபத்தை வாங்கி, வடிகட்டி, சக்கையை மட்டும் இவர்கள் மேசையில் கொண்டுவந்து வைத்தது அவள்தானே.

அதற்குள் தையற்காரர் எழுந்து மேடைக்கு முன்னால் வந்துவிட்டார். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியை எடுத்தார். கழுத்திலிருந்த நாடாவைத் தரையில் நீட்டினார். நூறுக்கு நூற்றிருபத்தைந்து என்று ஒரு கட்டம் வரைந்தார். கோடு கத்தி போல் நேராக இருந்தது.

வாசலில் நின்றிருந்த சைரன், கூப்பிடாமலே வந்தார். அன்று டயாலிசிஸ் நாள். அக்காவை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில்தான் மண்டபம் என்பதால், வண்டியை வெளியே நிறுத்தி, செவிலியை அக்காவின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு எட்டிப் பார்க்க வந்தவர். கட்டத்துக்குள் தலையை வைத்து மல்லாந்து படுத்தார். முழங்காலுக்குக் கீழே கால் இரண்டும் கோட்டுக்கு வெளியே நீண்டன. மூலைக்கு மூலை திரும்பியும் படுத்துக் காட்டினார். அப்போதும் பாதங்கள் வெளியில்தான்.

"சார், இது நான். ஸ்ட்ரெச்சர் என்னைவிட நீளம்," என்றார் படுத்தபடியே.

கட்டடக் கலைஞர் முகம் சற்றுச் சிவந்தது. படுக்கை போகும் லிஃப்ட் பதிமூன்று மாடியிலிருந்துதான் கட்டாயம் என்றும், இது பன்னிரண்டு மாடி என்றும், விதியை ஓர் எழுத்துகூட மீறவில்லை என்றும் விளக்கினார். அவசரத்துக்கு நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து இறக்கலாமே என்றார்.

"பன்னிரண்டு மாடிக்காரங்களுக்கு மயக்கம் உட்கார்ந்தபடியே வருமா சார்?" என்று கேட்டார் சைரன்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. தலைவரும் சிரித்தார். சிரித்து முடித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, செயலர் பக்கம் திரும்பினார்.

"நல்ல ஆலோசனை. குறிச்சுக்கோங்க."

அந்த ஒரு சொல்லில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டது. பதினெட்டு ஆண்டுகளாக மேலதிகாரியிடம், முதலாளியிடம், வரிசையில் இடையில் புகுந்தவரிடம் மென்று விழுங்கியது எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு ஏறியது. மேசைக்கு நேராக நடந்தாள். நடந்ததில் உரை எழுதிய தாள் கையிலிருந்து எங்கோ விழுந்தது.

"என் கடிதத்தைத் திருப்பிக் குடுங்க."

"என்னம்மா?"

"நான் ஆலோசனை சொல்ல வரலை. சொல்லலை. அது என் கடிதம். குடுங்க."

செயலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தீர்மானம் நிறைவேறும்வரை, எழுதியவர் நேரில் வந்து கேட்டால் கருத்தைத் திரும்பப் பெறலாம் என்று ஒரு வரி இருக்கத்தான் இருந்தது. தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். அவளைத் தொட்டாற்போல் தையற்காரர் வந்து கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் எழுந்தார்கள். அப்போதுதான் தலைவரின் கனிவு காணாமல் போயிற்று.

"என்ன விளையாட்டு இது? நாற்பதுல பதினொண்ணு போனா முப்பதுக்குக் குறைஞ்சிடும். கூட்டமே செல்லாது. மறுபடி அறிவிப்பு, மறுபடி படிவம்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் மண்டபம் முழுவதும் கேட்டுவிட்டது. தங்கள் முப்பத்தொரு கடிதங்களும் எதற்குப் பயன்பட்டன என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது. ஒரு வரியைக்கூடப் படிக்காவிட்டாலும் எண்ணிக்கைக்கு அவை வேண்டியிருந்தன. ஊர் கூடிப் பேசியது என்று காட்டுவதற்கு ஒப்புக்கு ஆள் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள் அவள்.

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். 

"நான்தான் உங்க எல்லாரையும் ஆலோசனைன்னு போடச் சொன்னேன். தப்பு என்னுது. வந்து உங்க கடிதத்தை வாங்கிக்குங்க."

கடிதம் கொடுத்தவர்களில் வந்திருந்தவர்கள் அவளையும் சேர்த்துப் பதினாறு பேர். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஐந்து, ஏழு, ஒன்பது. பத்தாவது ஆள் கடிதத்தை வாங்கியபின் வரிசை நின்றுபோயிற்று. எழாமல் உட்கார்ந்திருந்த ஆறு பேரில் நாலாம் மாடி வங்கிக் காவலாளியைத்தான் அவளுக்கு நன்கு தெரியும். அவர் எதிரில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என் வீட்டுக் கூரை ஒழுகுதும்மா. மூணு வருஷமா வாளி வெச்சுப் படுக்கறோம். எனக்கு லிஃப்ட்டே வேணாம், ஏறிப் போயிடறேன். சீக்கிரம் கட்டினாப் போதும்."

அவளுக்கு அவரைத் திட்டத் தோன்றியது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. கூரையைப் பற்றி மூன்று ஆண்டுகளில் அவருக்கு நாலு மனு எழுதித் தந்தவளும் அவள்தான். நாலும் பணிவான மனுக்கள்.

இன்னும் ஒரு கடிதம் வேண்டும். அந்த ஒன்று யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அதை நினைக்காமல் இருப்பதற்காகவே மற்ற எல்லாரையும் முதலில் பார்த்தாள். செயலரிடம், ஒருவர் வெளியே படுத்திருக்கிறார், கடிதத்தை அங்கே கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். நேரில் வர வேண்டும் என்பது விதி என்றார் தலைவர். விதி என்ற சொல்லை அன்று அவர் அவ்வளவு அழுத்திச் சொன்னது அதுவே முதல் முறை.

ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. அக்கா விழித்துத்தான் இருந்தாள். நடந்ததை அவள் சுருக்கமாகச் சொன்னாள். உள்ளே வந்து கடிதத்தைத் திரும்ப வாங்க வேண்டும் என்றாள்.

"நான் சொன்னதை எழுதினியா?"

"இல்லைக்கா."

"என்ன எழுதினே?"

அவளுக்கு மனப்பாடம். ஒப்பித்தாள். அக்கா வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் சாகறதைப் பத்திச் சொன்னேன்," என்றாள். "நீ நன்றி சொல்லியிருக்கே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா சின்ன வயதில் அவளை அடித்ததுண்டு, பேசாமல் இருந்ததுண்டு. இந்தக் குரலில் பேசியதில்லை.

"அழுதுக்கிட்டு நிக்காதே. உன் வீட்டுக்காரரைத் தூக்கச் சொல்லு."

சைரனும் தையற்காரரும் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். செவிலி, ஐந்து நிமிடத்துக்குமேல் கூடாது என்று சொல்லிக்கொண்டே கூட வந்தாள். மண்டபத்துக்குள் சக்கரங்களின் கிரீச்சொலி மட்டும் கேட்டது. மேசைக்குப் போகும் வழி சுண்ணக்கட்டத்தின் மேல்தான் சென்றது. அக்காவின் தலையும் மார்பும் கட்டத்துக்குள் வந்து நின்றபோது, முழங்காலுக்குக் கீழே போர்வை மூடிய கால்கள் கோட்டுக்கு வெளியே இருந்தன. யாரும் சுட்டிக் காட்டவில்லை. கட்டடக் கலைஞர் வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

செயலர் கடிதத்துடன் இறங்கி வந்து குனிந்தார். அக்கா அதை வாங்கவில்லை. முதலில் மேடையைப் பார்க்க வேண்டும் என்றாள். தலையைத் தூக்கக் கூடாது என்று செவிலி தடுத்ததால், சைரன் ஸ்ட்ரெச்சரையே அரை வட்டம் திருப்பினார்.

"என்னை ஏத்தறதுக்கு வழி இல்லைன்னா, இறக்கறது ஒரே ஒரு தடவைதான்," என்றாள் அக்கா. குரல் பெரிதாக எழவில்லை. எழத் தேவையும் இருக்கவில்லை. "இதைத்தான் எழுதச் சொன்னேன். இந்தக் காகிதத்துல அது இல்லை. அதனால இது என்னுது இல்லை. குடுங்க."

செயலர் கொடுத்தார். மேசையில் மீந்திருந்தவற்றைத் தலைவர் தாமே எடுத்து, எச்சில் தொட்டு எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். இருபத்தொன்பதுதான் இருந்தன. வடிவமைப்பு ஆய்வு ஒத்திவைக்கப்படுகிறது, ஒரு மாதத்துக்குள் மறு அறிவிப்பு வரும், புதிய படிவங்களை வாயிலில் பெற்றுக்கொள்ளலாம் என்று, யார் முகத்தையும் பாராமல் அறிவித்துவிட்டு எழுந்தார். நன்றி சொல்லவில்லை.

கூட்டம் கலையும்போது காவலாளி அவளைக் கடந்து போனார். போனவர் நின்று திரும்பினார்.

"இந்த மழைக்கும் வாளிதான். அதுக்கு யார்கிட்ட ஆட்சேபிக்கறது, சொல்லுங்க."

 மன்னியுங்கள் என்ற சொல் வழக்கம்போல் நாக்கின் நுனிக்கு வந்தது. அன்று அதைச் சொன்னால் அந்த மனிதரை ஏமாற்றுவது போலாகும் என்று தோன்ற, சொல்லாமல் நின்றாள். அவர் காத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வாயிலில் புதிய படிவங்களை ஒரு கட்டாக வாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினாள். அதிலும் அதே மூன்று கட்டங்கள். ஒன்றை உருவி, பேனாவைத் திறந்து, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுக்கா. அப்படியே எழுதறேன். ஒரு எழுத்துக்கூட மாத்த மாட்டேன்."

"நீ எழுத வேண்டாம்," என்றாள் அக்கா. "தையக்கார அண்ணனைக் கூப்பிடு."

அவர் வெளியே சுண்ணப்பொடி படிந்த கையைத் தட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஏறி வந்தார். உட்கார இடமில்லாமல் ஆக்ஸிஜன் உருளையை ஒட்டி மண்டியிட்டார். அவள் பேனாவை அவரிடம் கொடுத்துவிட்டு, படிவம் ஆடாமல் இருக்கத் தன் கைப்பையை அடியில் கொடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் முதல் வேலையாக மூன்றாவது கட்டத்தில் குறியிட்டார். பிறகு அக்கா சொல்லச் சொல்ல எழுதினார். பெரிய பெரிய எழுத்துகள், வரி மேலும் கீழும் ஏறி இறங்கியது. லிஃப்டைப் பற்றிச் சொன்னாள். சோபா ஏறும் லிஃப்டைப் பற்றிச் சொன்னாள். கார்களுக்குத் தரைத்தளமும் தனக்குப் பதினோராவது மாடியும் கொடுத்த மூளையைப் பற்றிச் சொன்னாள். நாலாம் மாடிக்காரர் வீட்டு வாளியையும் போடச் சொன்னாள். முதல் பக்கம் நிறைந்து, தையற்காரர் தாளைத் திருப்பினார்.

முன்னாலிருந்து சைரன், கிளம்பலாமா என்று கேட்டார்.

"இருங்க தம்பி," என்றாள் அக்கா. "இன்னும் திட்டி முடிக்கலை."